ஊரை விட்டுப் போகாத ஹெஸ்டர்

பாஸ்டன் சிறைவாசலிலிருந்து ஓர் இளம்பெண் வெளியே வருகிறாள். கையில் மூன்று மாதக் குழந்தை. மார்பில் சிவப்புத் துணியில் 'ஏ' என்ற எழுத்து. விபசாரக் குற்றத்தின் அடையாளமாக அதை அணியச் சொன்னவர்கள் நீதிபதிகள். அதைச் சுற்றிப் பொன்னூலில் பூவேலை செய்யச் சொன்னவர் யாருமில்லை. ஹெஸ்டர் பிரின் தானே செய்துகொண்டாள். நதானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் அவளை நாம் முதலில் காண்பது இந்தக் கோலத்தில்தான்.

சந்தைவெளித் தண்டனை மேடையில் அவள் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். நெற்றியில் சூடு போட்டிருக்கலாம் என்கிறாள் கூட்டத்தில் ஒருத்தி. கொன்றே இருக்கலாம் என்கிறாள் மற்றொருத்தி. குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லும்படி மாடத்திலிருந்து வற்புறுத்துகிறார் இளம் போதகர் டிம்ஸ்டேல். அந்தத் தகப்பனே அவர்தான். அவள் வாய் திறக்கவில்லை.

ஹாதார்ன் இதை வெறுங்கற்பனையில் எழுதவில்லை. பிளிமத் குடியேற்றத்தில் 1658ஆம் ஆண்டுச் சட்டம், விபசாரக் குற்றத்துக்கு உடையில் எழுத்து தைத்து அணிவதைத் தண்டனையாக விதித்தது. அமெரிக்காவின் சேலம் நகரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதார்ன் நாவலாசிரியரின் முன்னோர். தண்டித்தவர்களின் வழியில் வந்தவர், தண்டிக்கப்பட்டவளின் பக்கம் நின்று எழுதினார்.

சிறையிலிருந்து விடுபட்டபின் ஹெஸ்டர் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. அவளோ கடலோரத்தில் கைவிடப்பட்ட ஒரு குடிசையில் குடியேறி, ஊசியும் நூலுமாகப் பிழைக்கிறாள். ஆளுநரின் கழுத்துப்பட்டி, படைவீரரின் இடைக்கச்சை, குழந்தையின் தொப்பி, இறந்தவரின் கோடித்துணி, எல்லாவற்றிலும் அவள் கைவேலை உண்டு. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் யாரும் அவளை அழைப்பதில்லை. நாவலில் என்னை மிகவும் வருத்துவது மேடைக் காட்சியைவிட இந்த ஒரு விலக்குதான். அவள் உழைப்பை வாங்கிக்கொண்ட ஊர், அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளிடம் உதவி பெற்ற ஏழைகளே அவளை ஏசுகிறார்கள். அவள் தைத்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இதைப் பொறுமை என்று மட்டும் சொன்னால் அவளைக் குறைத்துவிடுவோம். மகள் பேர்ளைப் பிரித்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆளுநர் பெல்லிங்ஹாமின் மாளிகைக்கே போகிறாள். உயிரைக் கொடுத்தாலும் கொடுப்பேன், பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறாள். டிம்ஸ்டேலை நேரே பார்த்து, தனக்காகப் பேசும்படி கேட்கிறாள். அவர் பேசுகிறார், பிள்ளை தாயிடமே தங்குகிறாள். பின்னால் காட்டில் அவரைச் சந்தித்து, ஊரை விட்டுப் போய்விடலாம் என்று துணிவு சொல்பவளும் அவளே. போதகர் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்த ஏழு ஆண்டுகளில் அவள் திடப்பட்டிருந்தாள்.

எழுத்தை எடுத்துவிட அனுமதிக்கலாமா என்று ஆட்சி மன்றம் ஆலோசிப்பதாக அவளுடைய கணவன் சில்லிங்வொர்த் ஒருநாள் தெரிவிக்கிறான். அதை எடுப்பது அவர்கள் கையில் இல்லை என்று அவள் பதில் சொல்கிறாள்.

டிம்ஸ்டேல் மேடையில் உண்மையை வெளிப்படுத்தி இறந்தபின், ஹெஸ்டர் மகளுடன் கடல் கடந்து போகிறாள். பேர்ள் அங்கே வளமாக வாழ்கிறாள் என்பதை நாவல் குறிப்பாக உணர்த்துகிறது. தாயும் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் ஆண்டுகள் கழித்துத் தனியே பாஸ்டன் திரும்பி, அந்த எழுத்தை மறுபடி அணிந்துகொள்கிறாள். இம்முறை அணியச் சொல்ல எந்த நீதிபதியும் இல்லை. காதலில் காயப்பட்டவர்களும் யாருக்கும் வேண்டாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களுமான பெண்கள் அவள் குடிசை தேடி வருகிறார்கள். ஆணும் பெண்ணும் இதைவிட நேர்மையான உறவில் வாழும் காலம் வரும் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்கிறாள் ஹெஸ்டர்.