மாதுங்காவில் ஒரு ரசாயனக் கல்விக்கூடம்

மாதுங்காவில் வாழும் நம்மவர் பலர் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மதிலை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவி, அரசுகள் செலவைச் சுருக்கிய காலத்தில், 1933-ஆம் ஆண்டு, பம்பாய்ப் பல்கலைக்கழகம் இதனைத் தன் துறைகளுள் ஒன்றாகத் தொடங்கிற்று. நகரின் ஆலைகளுக்கு வேண்டிய நெசவு ரசாயனமும் ரசாயனப் பொறியியலுமே முதற்பாடங்கள். 1938-இல், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. வேங்கடராமன் இதன் இயக்குநரானார். அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே. 1943-இல் துறை மாதுங்காவுக்கு வந்தது. வணிகப் பெருமக்களின் நன்கொடையும் துணைநிற்க, சாயம், மருந்து, எண்ணெய், உணவு முதலிய பிரிவுகள் காலப்போக்கில் வளர்ந்தன.

கொடையை நம்பும் கல்விக்கு ஓர் இடர் உண்டு: உடனே விலைபோகாத அறிவு புறக்கணிக்கப்படலாம். வேங்கடராமனோ ஆலைகளுக்கு ஆள் பயிற்றியவாறே சாயங்களின் அடிப்படை ரசாயனத்தையும் ஆராய்ந்தார். 1952-இல் அதனைப் பெருநூலாக வெளியிடத் தொடங்கினார். கிளைகள் பெருகின, வேர் காக்கப்பட்டது.

தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டும் கல்லூரி அரசுக் கல்லூரியே. மானியம் குறையுங்கால் எப்பாடத்தை நீக்குவது என ஆராய்வதற்கு முன், எதனை நீக்கலாகாது என்று தெளிதல் நலம்.