பகுக்க முடியாத பத்தில் ஒரு பங்கு

இந்திய மீக்கணினி வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் பெயர்களாலேயே சொல்லப்படுகிறது. பெங்களூரு கேட்ட கிரே இயந்திரத்தை அமெரிக்கா தர மறுத்தது, 1991இல் நாமே பரம் 8000 செய்தோம் என்று அது வீரகதையாக முடிந்துவிடும். அதற்குள் மனிதர்களைத் தேடுவோர், 1933இல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனை வந்தடைவர்.

இணைக்கணிப்பின் இயல்பை நம் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையைக் கொண்டே விளக்கலாம். தோலை வெட்டுவோர், தைப்போர், அடிப்பகுதியை ஒட்டுவோர் எனப் பலரும் ஒரே நேரத்தில் உழைப்பதால் வேலை விரைகிறது. பெருங்கணக்கு ஒன்றைப் பகுத்துப் பல செயலிகளிடம் ஒப்படைப்பதும் இவ்வாறே. ஆயின், எல்லாக் காலணிகளையும் ஒருவரே ஒரு மேசையில் சோதிக்கவேண்டும் எனில், தைப்போரை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் இதுவே. வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பகுக்க இயலாதெனின், ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

இந்தியாவில் அந்த ஒற்றை மேசை எங்கிருந்தது? கற்றறிந்தோரின் பற்றாக்குறையில் என்பதே ராஜாராமனின் பணிவாழ்வு தரும் விடை. 1961இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்றவர், கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்தார். 1963இல் அங்கு ஐ.பி.எம். 1620 வந்து சேர்ந்தது. 1965இல் மின்பொறியியல் துறைக்குள்ளேயே கணினி அறிவியலை முதுநிலைப் பாடப்பிரிவாகத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. 1969இல் நிரலாக்கப் பாடநூலை எழுதி, மாணவர் வாங்கக்கூடிய விலையில் வெளிவரச் செய்தார். 1982 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்திற்குத் தலைமை தாங்கினார். இணைக்கணினியை உள்நாட்டிலேயே உருவாக்கலாம் என்று 1987இல் பரிந்துரைத்த குழுவின் தலைவரும் அவரே. அதன் விளைவாக 1988இல் சி-டாக் பிறந்தது. பரம் 8000 அங்கு உருவானதே.

எனினும், பாலாற்றங்கரையில் பாடம் நடத்தும் நமக்கு அவருடைய வேறொரு பரிந்துரையே பெரிதாகத் தோன்றுகிறது. பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் கணினித் துறைக்குள் நுழைய, எம்.சி.ஏ. என்னும் படிப்பை 1980களின் தொடக்கத்தில் அவர் தலைமையிலான குழு முன்மொழிந்தது. தோல் பதனிடும் கூடங்களில் கூலிக்கு உழைத்தோரின் பிள்ளைகள் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து அவ்வழியே சென்றதை நாம் கண்டிருக்கிறோம். பொறியியல் கல்லூரிக் கட்டணம் எட்டாதிருந்த வீடுகளுக்கு அது திறந்த கதவு.

2022இல் பெங்களூருவில் நிறுவப்பட்ட பரம் பிரவேகா, நொடிக்கு ஏறத்தாழ 3.3 ஆயிரம் இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யவல்லது. செயலிகளை விலைக்கு வாங்கிப் பெருக்கலாம். அவற்றுக்கு வேலை பகுத்துத் தரும் மனத்தை வகுப்பறையில்தான் வளர்க்கவேண்டும். அவ்வகுப்பறைக்குள் யார் நுழையலாம் என்னும் கேள்வியை மீக்கணினியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுதல் நேர்மையாகாது.