பத்து சென்ட் குதிரையும் ஐம்பது சென்ட் மலையும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் ஒரு குடைராட்டினம் உண்டு. 1940-களில் வார விடுமுறை வந்தால் வால்ட் டிஸ்னி தன் மகள்கள் டயானையும் ஷாரனையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். பெண்கள் குதிரையேறிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் பிறந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அங்கிருந்த பெஞ்சுகளில் ஒன்று இன்று டிஸ்னிலேண்டில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

குடும்பத்தோடு தீம் பார்க் போகிறவர்களை இன்றும் அலைக்கழிப்பது இரண்டு கேள்விகள்தான். எதில் முதலில் ஏறுவது? கொடுத்த காசுக்கு எது தகும்? இந்தக் கேள்விகளுக்கு டிஸ்னிலேண்டைவிட எழுபது வயது அதிகம். அவற்றின் பிறந்த ஊர் நியூயார்க்கின் கடலோரமான கோனி ஐலண்டு.

1884 ஜூனில் லமார்க்கஸ் தாம்ப்சன் என்பவர் அங்கே 600 அடி நீளத்துக்கு ஒரு மரத் தண்டவாளம் போட்டார். ஐந்து சென்ட் கொடுத்துவிட்டு ஒரு கோபுரத்தில் படியேற வேண்டும். மேலே நிற்கும் வண்டியில் நீளவாட்டில் ஒரு பலகை; கடலைப் பார்த்தபடி அதில் உட்கார வேண்டும். வண்டி மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி மறு கோடிக்குப் போய்ச் சேரும். எல்லோரும் இறங்கிக்கொள்ள, ஆட்கள் வண்டியைத் தள்ளி அடுத்த தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். பயணிகள் அங்கும் ஒரு முறை படியேறித் திரும்பி வர வேண்டும். வேகம் மணிக்கு ஆறு மைல்; கொஞ்சம் விரைந்து நடந்தால் கூடவே வந்துவிடலாம். அதற்கே கூட்டம் அலைமோதியது. தாம்ப்சன் பக்திமான். இளைஞர்களை மதுக்கடையிலிருந்து திருப்ப வெளிச்சத்தில் விளையாடும் ஒரு கேளிக்கை வேண்டும் என்று நினைத்தவர்.

1895-ல் பால் பாய்ட்டன் என்பவர் அதே கடற்கரையில் ஓர் இடத்துக்கு வேலி போட்டு, வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கினார். சுற்றிவர அடைத்த கேளிக்கைப் பூங்கா என்ற ஏற்பாடு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவைத் திறந்த ஜார்ஜ் டில்யூ இன்னொரு படி மேலே போனார். 25 சென்ட்டுக்கு ஒரே டிக்கெட். உள்ளே இருக்கும் பல ஆட்டங்களுக்கும் அதுவே செல்லும். சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் விளையாடிய ஜனம் அங்கேயே பொழுதைக் கழித்தது. டில்யூ வியாபாரத்தில் எமகாதகர். 1907-ல் பூங்கா தீப்பிடித்துச் சாம்பலானபோது, எரிந்த இடத்தைப் பார்க்கவும் பத்து சென்ட் என்று போர்டு மாட்டினார்.

சவாரிகளைத் தரம் பார்க்கிற எவரும் பாய்ட்டனின் பூங்காவிலிருந்த ‘ஃப்ளிப் ஃப்ளாப்’பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியைத் தலைகீழாகச் சுற்றவைத்த தண்டவாளம் அது. கச்சிதமான வட்டம், அதுதான் கோளாறு. வட்டத்துக்குள் வண்டி நுழையும் நொடியில் பயணியின் எடை திடீரென்று பல மடங்காகிக் கழுத்தில் இறங்கியது. சுளுக்கோடு வீடு திரும்பியவர்கள் மறுபடி வரவில்லை. 1901-ல் எட்வின் பிரெஸ்காட் அந்த வட்டத்தை முட்டை வடிவத்துக்கு மாற்றி ‘லூப் தி லூப்’ கட்டினார். கழுத்து தப்பியது, தொழில் தப்பவில்லை. ஒரு வண்டியில் நான்கு பேர்தான் ஏற முடியும். அடுத்த வண்டி கிளம்பவும் நேரமாகும். ஏறியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். பத்தே ஆண்டுக்குள் அதை மூடிவிட்டார்கள்.

எத்தனை பயங்கரம், எத்தனை அழகு என்பதையெல்லாம் தாண்டி, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடிகிறது என்பதில்தான் ஒரு சவாரியின் ஆயுள் இருக்கிறது. இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு அது. கோனி ஐலண்டில் அந்தப் பாடம் பெரும் நஷ்டத்தில் கற்கப்பட்டது.

தலைகீழ்ச் சுற்று அதன்பின் அறுபது ஆண்டுக்கும் மேலாக ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல் நீர்த்துளி போன்ற வடிவத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க, 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் அது கழுத்தை வருத்தாமல் சுற்றியது. நடுவில் ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919-ல் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து, வண்டி மேலே எகிறிவிடாமல் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். செங்குத்தான சரிவுகளை நம்பிக் கட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான். 1927-ல் கோனி ஐலண்டில் திறந்த மர ரோலர் கோஸ்டரான ‘சைக்ளோன்’ 85 அடி உயரத்திலிருந்து விழுகிறது, இன்றும் ஓடுகிறது.

பிறகு பொருளாதார வீழ்ச்சி வந்தது. பூங்காக்கள் வரிசையாக மூடின. மிஞ்சியவற்றில் குப்பை, குடிகாரர்கள், உரிந்த வண்ணம். டிஸ்னி தன் யோசனையைச் சொன்னபோது, அழுக்குப் பிடித்த அந்தத் தொழில் உங்களுக்கு எதற்கு என்று மனைவி லிலியனே கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கோபன்ஹேகனில் இருந்தது. 1843-ல் திறந்த டிவோலி தோட்டத்தை டிஸ்னி 1951-ல் சுற்றிப் பார்த்தார்: பூச்செடிகள், விளக்குகள், இசை, நல்ல சாப்பாடு, எங்கும் சுத்தம். 1914 முதல் அங்கே ஓடும் மரக் கோஸ்டரில் இன்றைக்கும் ஓர் ஊழியர் கூடவே உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறார்.

எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு ஹாரிசன் பிரைஸ் என்ற ஆய்வாளர் விடை தேடினார். மக்கள்தொகை எந்தப் பக்கம் நகர்கிறது, புதிய நெடுஞ்சாலை எங்கே வருகிறது என்று பார்த்து, அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பைக் காட்டினார். ஒரே ஆண்டில், 17 மில்லியன் டாலர் செலவில் டிஸ்னிலேண்ட் எழும்பியது. 1955 ஜூலை 17-ல் திறப்பு விழா. கள்ள டிக்கெட்டுகளால் அழைத்ததைவிடக் கூட்டம் ஏறக்குறைய இரு மடங்கு. வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததால், குடிநீர்க் குழாய்களா கழிவறைகளா என்று ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது. டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போன எந்தப் பெற்றோரும் அது சரியான முடிவு என்றே சொல்வார்கள்.

முதல் சில மாதங்கள் நுழைவுக்கு ஒரு டாலர், பிறகு ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட், மரணக் கிணற்றுக்கு ஒரு டிக்கெட் என்று வாங்கியவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். ஒவ்வொரு கவுண்டரிலும் பிள்ளை கையை இழுக்கும்; அப்பா மனத்துக்குள் கழித்தல் கணக்குப் போடுவார். அந்த அக்டோபரில் நிர்வாகம் டிக்கெட் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகைச் சீட்டுகள். அடுத்த ஆண்டு டி, 1959-ல் ஈ.

பூங்காவே தன் சவாரிகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டது போலத்தான் இது. ஏ சீட்டு பத்து சென்ட். முதன்மைத் தெருவின் குதிரை வண்டி, குடைராட்டினம் போன்றவை அதில் அடங்கும். பறக்கும் யானை டம்போவுக்கும், சுழலும் தேநீர்க் கோப்பைகளுக்கும், பீட்டர் பேனின் பறக்கும் கப்பலுக்கும் சி. ஈ சீட்டு ஐம்பது சென்ட். அது பிறந்த 1959 ஜூனில்தான் நீர்மூழ்கிக் கப்பலும், 147 அடி உயரத்தில் கட்டிய செயற்கை மலையான மேட்டர்ஹார்னும் திறந்தன. மேட்டர்ஹார்னின் உள்ளே வளைந்தோடுவது உருண்டைக் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம். அதற்கு முன் எந்தக் கோஸ்டரிலும் அப்படி இல்லை. எட் மார்கனும் கார்ல் பேக்கனும் நடத்திய ஆரோ நிறுவனத்தின் வேலை அது. மரச்சட்டத்தில் முடியாத வளைவுகளை எஃகுக் குழாயில் வளைக்க முடிந்தது. இன்றைய ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த மலையின் வாரிசுகள்.

குடும்பத்தின் அன்றைய திட்டம் முழுவதும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருந்தது. ஈ சீட்டுகள் சிலவே இருக்கும். மூத்தவனுக்கு மலை, இளையவளுக்கு நீர்மூழ்கி என்று பேரம் நடக்கும். மாலையில் ஏ சீட்டுகள்தான் மிஞ்சும். அவற்றுக்குக் கெடு கிடையாது என்பதால், மேசை இழுப்பறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. ‘ஈ டிக்கெட்’ என்பது அமெரிக்கப் பேச்சில் உச்சமான அனுபவத்துக்கே பெயராகிவிட்டது. 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு தன் பயணத்தை அதோடுதான் ஒப்பிட்டார்.

இந்தப் புத்தகம் ஒழுங்காக ஓட, ஈ சவாரிகள் நிறையப் பேரை விழுங்க வேண்டும். ‘லூப் தி லூப்’ தோற்ற இடம் இது. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னி குழுவினர் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ பொம்மைச் சவாரியைச் செய்தபோது, வாய்க்காலில் நீரின் உந்துதலால் ஓயாமல் நகரும் படகுகளை வைத்தார்கள். சிறிய வண்டிகளால் முடியாத கூட்டத்தை அந்தப் படகுகள் வாரிக்கொண்டு போயின. நடந்து பார்க்கும் மெழுகுச்சிலைக் கூடமாகத் திட்டமிட்டிருந்த கடற்கொள்ளையர் காட்சி உடனே படகுச் சவாரியாக மாறி, 1967-ல் திறந்தது. 1969-ல் வந்த பேய் மாளிகையில் வண்டிகள் நிற்பதே இல்லை. நகரும் நடைமேடையிலிருந்து நகரும் இருக்கைக்கு மாறிவிட வேண்டியதுதான்.

இதற்கிடையே 1961-ல் திறந்த ‘சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஓவர் டெக்சாஸ்’ ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரிகளையும் கொடுத்தது. டில்யூவின் யோசனை புது வேடத்தில் வந்தது என்று சொல்லலாம். டிஸ்னிலேண்டும் 1982-ல் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டு ஒரே டிக்கெட்டுக்கு மாறியது. காசுக் கணக்கு ஒழிந்ததும் வரிசைக் கணக்கு தொடங்கியது. எல்லாமே இலவசம்போல ஆனபிறகு, எல்லோரும் எல்லாவற்றுக்கும் நிற்பார்கள். வெறும் சி சீட்டாக இருந்த பீட்டர் பேனுக்கு இன்று டிஸ்னிலேண்டின் சலிப்பூட்டும் நீண்ட வரிசைகளில் ஒன்று உண்டு. அதன் கப்பல்கள் சின்னவை, ஏறுகிறவர்கள் கொஞ்சம். சிறு குழந்தை உள்ள வீட்டார் அனைவரும் அங்கேதான் வருவார்கள். ஒரு சவாரி எவ்வளவு நல்லது என்பதை அதன் வரிசையின் நீளத்தை வைத்து எடைபோடுவது ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நாளைத் திட்டமிடுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1980-களில் பாப் செலிங்கர், ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு, எந்த மணியில் எந்தச் சவாரிக்குப் போவது என்று வரிசைப்படுத்திச் சொல்லும் வழிகாட்டி நூலைக் கொண்டுவந்தார். பின்னர் லென் டெஸ்டா என்ற கணினி அறிவியல் மாணவர், அங்கே ஒரு சவாரிக்கு வெகுநேரம் நின்று அலுத்து, அந்த அலுப்பையே முதுகலை ஆய்வாக்கினார். பல ஊர்களுக்குப் போக வேண்டிய விற்பனையாளர் எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்பது கணிதத்தில் பழைய புதிர். பூங்காவில் அது இன்னும் கடினம். ஊர்களுக்கு இடையிலான தூரம் மணிக்கு மணி மாறாது, வரிசைகள் மாறும். கதவு திறக்குமுன் வாசலில் நில்லுங்கள், கூட்டம் சேருமுன் குறைந்த ஆட்களை ஏற்றும் சவாரிகளை முடியுங்கள், படகுகளை மத்தியானத்துக்கு வையுங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

உயரக் கோலும் அந்தக் கணக்கில் உண்டு. மேட்டர்ஹார்னில் ஏற 42 அங்குலம் இருந்தாக வேண்டும். எட்டாத பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார். வெளியே நின்றவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் ஏறலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் அவர் உட்கார்ந்திருப்பது பெஞ்சில்தான்.

1999-ல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ வந்தது. இயந்திரத்தில் நேரச்சீட்டு எடுத்துக்கொண்டு, சொன்ன மணிக்குத் திரும்பி வந்தால் போதும். ஏழை பணக்காரர் பார்க்காத, காசு கேட்காத ஏற்பாடு அது. 2021-ல் அதை எடுத்துவிட்டு, வரிசையைத் தாண்டத் தனிக் கட்டணம் வைத்தார்கள். மிகவும் விரும்பப்படும் சில சவாரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எழுத்து மட்டும் அச்சிடப்படவில்லை, ஈ சீட்டு திரும்பி வந்துவிட்டது. பழைய ஈ சீட்டாவது எல்லோர் புத்தகத்திலும் இருந்தது. பல மடங்கு உயர்ந்துவிட்ட நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்துவைத்துக் கொண்டுவரும் குடும்பம், உள்ளே போனபிறகும் இன்னொரு முறை பணப்பையைத் திறக்க வேண்டியிருப்பது வருத்தமான மாற்றம்.

டிஸ்னிலேண்டின் குடைராட்டினத்துக்கு அந்தக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் நீண்ட வரிசையும் இருப்பதில்லை. டொரான்டோவின் சன்னிசைடு கடற்கரையிலிருந்து பழையதாக வாங்கி வந்தது அது. அதில் வேறு மிருகங்களும் இருந்தன. எல்லாப் பிள்ளைகளும் குதிரையைத்தான் கேட்பார்கள் என்று டிஸ்னி அவற்றை எடுக்கச் சொல்லி, முழுக்கவும் பாயும் குதிரைகளாக மாற்றினார். உட்காரும் ரதங்களையும் அகற்றியாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தபோது, குதிரையேற முடியாதவர்களும் சுற்றட்டும் என்று சில குதிரைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வைத்தார்கள். பிள்ளைகளின் குதிரைகளோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது.