ஆள்காட்டி விரலுக்கு 14

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களிடம் கை குலுக்கும்போது விரல்களை எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பல சமயம் கணக்கு உதைக்கும்.

தகடு அடிக்கும் பட்டறைகளில் விரல் போகும் விதம் அநேகமாக ஒன்றுதான். கை தகட்டை டைக்குள் வைக்கும், கால் பெடலை மிதிக்கும். ஒரு மிதிக்கு ஒரு அடிதான் விழவேண்டும். கிளட்ச் சாவி தேய்ந்திருந்தால் மிதிக்காமலே இன்னொரு அடி விழும். டபுள் ஸ்ட்ரோக் என்பார்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் மெஷின் என்றால், ஒரு பொத்தானை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிடுவதும் உண்டு. பீஸ் எண்ணிக்கை ஏறவேண்டுமே.

விரலின் பயணம் அங்கே முடிந்தது. அதன் இடத்தில் ஓர் எண் கிளம்புகிறது.

அந்த எண் பிறந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில். 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஆள்காட்டி விரலுக்கு 10, அதாவது சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்குப் பத்து போயிற்று என்று பொருள். முழங்கைக்கு மேலே போனால் வலது கைக்கு 70, இடது கைக்கு 60. இடதுகைப் பழக்கக்காரர் எந்தக் கோயிலில் போய் முறையிடுவது? 1962 திருத்தத்துக்குப் பிறகு வலது இடது பேதம் போயிற்று. ஆள்காட்டி 14க்கு உயர்ந்தது. நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7, கட்டைவிரல் 30. எலும்பு போகாமல் நுனி மட்டும் சீவப்பட்டால் ஆள்காட்டிக்கு 5. பிரிட்டனின் தொழில்விபத்துப் பட்டியலைப் புரட்டினாலும் அதே 14, அதே 12. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் இந்த எண்கள்தான் இருந்தன.

மாதம் 15,000 ரூபாய், நாளுக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களில் கூலியில் 90 சதவீதம், 450 ரூபாய். புண் ஆறியதும் மருத்துவக் குழு முன்னால் கையை நீட்டவேண்டும். அவர்கள் 14 என்று எழுதினால் 450இல் 14 சதவீதம்: நாளுக்கு 63 ரூபாய், ஆயுள் முழுக்க. இ.எஸ்.ஐ. இல்லாத 25 வயதுக்காரருக்கு இழப்பீட்டுக் கணக்கே வேறு. சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய 216.91ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 2,73,300 ரூபாய், ஒரே தடவையில். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இதைக் கேட்க முடியாது.

கை எந்தத் தொழில் செய்த கை என்று இந்த எண் கேட்பதில்லை. நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே எடுக்கப்பட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை ஆகாது, அதனால் இழப்பு நூற்றுக்கு நூறு என்று எழுபதுகளில் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் அவ்வளவு தூரம் வழக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க எத்தனை பேருக்குத் தெம்பிருக்கிறது?

பல 14கள் பட்டறை வாசலையே தாண்டுவதில்லை. தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டில் "கதவிடுக்கில் மாட்டியது" என்று ஏறிவிடும். கையில் கட்டோடு இருக்கும்போதுதான் இ.எஸ்.ஐ.யில் பெயரே சேர்ப்பார்கள். மெஷினுக்கு இந்த இழுபறி எதுவும் கிடையாது. வேஸ்ட் துணியால் துடைத்தால் அடுத்த ஷிப்டுக்கு ரெடி.

பிரஸ்ஸில் நிற்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அடிபட்டால், அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.