ஒரு சீரியல் ஜெர்மனியை உலுக்கிய கதை



"சீரியல் பார்த்து வரலாறு தெரிந்துகொள்ள முடியுமா டீச்சர்?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதே கேள்விக்காக மேற்கு ஜெர்மனி 1979 ஜனவரியில் தனக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறது. குண்டுகூட வெடித்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன், பதில் உங்களுக்கே கிடைக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

அந்தத் தொடரின் பெயர் 'ஹோலோகாஸ்ட்'. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் அழிக்கப்பட்டதைச் சொல்லும் நாடகம். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1978 ஏப்ரலில் நான்கு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பியது. எழுதியவர் ஜெரால்ட் கிரீன். இயக்கியவர் மார்வின் சோம்ஸ்கி. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற மெரில் ஸ்ட்ரீப் அதில் ஒரு முக்கிய வேடத்தில் நடித்திருக்கிறார்.

கதை 1935இல் பெர்லினில் ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. மாப்பிள்ளை கார்ல், யூதர். ஓவியர். பெண் இங்கா, கிறிஸ்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் யூதரும் மற்ற ஜெர்மானியரும் மணந்துகொள்ளக் கூடாது என்று நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா யோசெஃப் வைஸ் ஒரு டாக்டர், அம்மா பியானோ வாசிப்பவர். தம்பி ரூடி, தங்கை அன்னா. நல்ல படிப்பு, நல்ல பெயர். நம் தெருவில் இருக்கும் ஒரு டாக்டர் குடும்பம் மாதிரிதான்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒவ்வொருவராகக் கரைகிறது. 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு நாடு முழுக்க யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் நொறுக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் கார்லைப் பிடித்து புக்கன்வால்ட் முகாமில் போடுகிறார்கள். போலந்தில் பிறந்தவர் என்று டாக்டரை நாடு கடத்துகிறார்கள். கொடுமைக்கு ஆளாகி மனம் உடைந்த சின்னப் பெண் அன்னாவை ஹடமார் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனை என்றால் குணமாக்கும் இடம் என்று நினைக்காதீர்கள். மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் 'வாழத் தகுதியற்றவர்கள்' என்று சொல்லி, 1941இல் மட்டும் அங்கே சுமார் 10,000 பேரை விஷவாயு செலுத்திக் கொன்றார்கள். இது நாடகம் இல்லை, நடந்தது. கடைசியில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் மிஞ்சுவது ரூடி ஒருவன்தான்.

இன்னொரு பக்கம் எரிக் டார்ஃப் என்று ஒருவன் வருகிறான். வேலை கிடைக்காத வக்கீல், சாதுவான ஆள். மனைவியின் வற்புறுத்தலால் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேருகிறான். அவனுடைய திறமை என்ன தெரியுமா? வார்த்தை. 'கொலை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மறுகுடியமர்த்தல்' என்று எழுதிக் கொடுப்பான். மேலதிகாரிகளுக்கு மனசு உறுத்தாது, கோப்பு சுத்தமாக இருக்கும். டார்ஃப் கற்பனைப் பாத்திரம். ஆனால் அந்த வார்த்தைகள் கற்பனை இல்லை. 1942 ஜனவரி 20ஆம் தேதி பெர்லின் அருகே வான்சேயில் ஒரு மாளிகையில் 15 உயர் அதிகாரிகள் கூடினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அந்தக் கூட்டக் குறிப்பில் இருப்பது 'கிழக்கே வெளியேற்றுதல்', 'இறுதித் தீர்வு' போன்ற சொற்கள். லட்சக்கணக்கான மனிதர்களின் சாவு அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருந்தது.

இனி சர்ச்சைக்கு வருவோம். அமெரிக்காவில் ஒளிபரப்பானபோதே கடுமையான எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எலி வீசல். 15 வயதில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர் தப்பியவர், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். சொல்லவே முடியாத ஒரு கொடுமையைக் குடும்பக் கதையாக மாற்றிவிட்டார்கள் என்று நியூயார்க் டைம்ஸில் மிகக் காட்டமாக எழுதினார். காட்சிகளுக்கு நடுவே விளம்பரங்கள் வந்தது பலருக்கும் அருவருப்பாக இருந்தது. எனக்கும் ஒரு குறை உண்டு. வார்சா, பாபி யார், தெரேசியன்ஸ்டாட், சோபிபோர், ஆஷ்விட்ஸ் என்று எல்லா இடத்திலும் ஒரே குடும்பத்து ஆள் யாராவது இருக்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் அப்படி அமையுமா? அமையாது. பாடத்திட்டத்தை முடிக்க அவசரப்படும் வாத்தியார் மாதிரி கதையை ஓட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தொடரை ஜெர்மனியிலேயே காட்டுவதா என்ற கேள்வி வந்தபோது பிரச்சினை பெரிதானது. கொலோன் நகரத்தைச் சேர்ந்த டபிள்யூ.டி.ஆர். நிலையம் உரிமையை வாங்கியது. முதன்மை அலைவரிசையில் போட மற்ற நிலையங்கள் எல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், அவ்வளவாக ஆள் பார்க்காத வட்டார அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் போடுவது என்று சமரசம் ஆனது. தொடருக்கு முன்னோட்டமாக ஜனவரி 18 அன்று ஓர் ஆவணப்படம் போட்டார்கள். அது ஓடிக்கொண்டிருந்தபோதே கோப்லென்ஸ், மியூன்ஸ்டர் நகரங்களுக்கு அருகே ஒளிபரப்புக் கருவிகளைத் தீவிர வலதுசாரிகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள்.

அப்படியும் ஜனவரி 22 முதல் 26க்குள் நான்கு இரவுகளில் தொடர் ஒளிபரப்பாகி முடிந்தது. ஒரு பகுதியையாவது பார்த்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். ஒவ்வொரு இரவும் நாடகம் முடிந்ததும் வரலாற்று அறிஞர்களை உட்கார வைத்து, பார்ப்பவர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்க ஏற்பாடு செய்திருந்தார்கள். 30,000க்கும் மேல் அழைப்புகள். சிலர் அழுதார்கள். சிலர் திட்டினார்கள். போர்முனையில் தான் கண்ணால் பார்த்ததை முதல்முறையாகச் சொன்ன பழைய சிப்பாய்களும் இருந்தார்கள். வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக் கேட்டார்கள்: அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

அதற்கு முன் ஜெர்மானியர்களுக்கு ஒன்றுமே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். 1945-46இல் நியூரம்பெர்க் விசாரணை நடந்தது. 1963 முதல் 1965 வரை பிராங்ஃபர்ட் நகரில் ஆஷ்விட்ஸ் வழக்கு நடந்தது. புத்தகங்கள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன. ஆனால் எண்ணிக்கை மனதில் தைக்காது. நான் வகுப்பில் '60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எத்தனை சைபர் என்று ஒருவன் கேட்பான். அவ்வளவுதான், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அன்னா என்று ஒரு பெண்ணைக் காட்டி, அவளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவதைக் காட்டினால், அதற்கப்புறம் 60 லட்சம் என்பது வெறும் சைபராகத் தெரியாது.

அது மட்டும் என்றால் அழுதுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். விஷயம் அத்தோடு முடியவில்லை. அன்றைய மேற்கு ஜெர்மனியில் கொலைக் குற்றத்துக்கே வழக்குத் தொடரக் காலவரம்பு இருந்தது. முதலில் 20 ஆண்டுகள். 1965இலும் 1969இலும் சட்டத்தைத் திருத்தித் தள்ளிப்போட்டார்கள். 1979 டிசம்பரோடு அந்த அவகாசமும் முடிய இருந்தது. முடிந்துவிட்டால் அதுவரை வழக்கில் சிக்காத நாஜிக் கொலைகாரர்கள் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். 1979 ஜூலை 3ஆம் தேதி நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தி, கொலைக்குக் காலவரம்பே இல்லை என்று முடிவு செய்தது. ஆதரவு 255, எதிர்ப்பு 222. இதற்கு ஒரு சீரியல் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பல வருடங்களாக அதற்காகப் போராடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 33 வாக்கு வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஜனவரியில் வீடுதோறும் எழுந்த கேள்விகள் உறுப்பினர்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

பலன் இன்றுவரை தொடர்கிறது. ஆஷ்விட்ஸில் கைதிகளிடம் பறித்த பணத்துக்குக் கணக்கு எழுதிய ஆஸ்கர் குரோனிங் 2015இல் தன் 94ஆவது வயதில் தண்டனை பெற்றார். ஸ்டுட்ஹோஃப் முகாம் அலுவலகத்தில் இளம் வயதில் தட்டச்சராக வேலை பார்த்த ஒரு மூதாட்டியைக் குற்றவாளி என்று 2022இல் தீர்ப்பளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 97. பேனாவும் தட்டச்சு இயந்திரமும் பிடித்தவர்கள். டார்ஃப் பாத்திரம் ஞாபகம் வருகிறதா?

இன்னொன்றும் நடந்தது. அந்த ஆண்டின் சொல்லாக ஜெர்மன் மொழிக் கழகம் 'ஹோலோகாஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை கொன்றவர்கள் உண்டாக்கிய 'இறுதித் தீர்வு' என்ற சொல்லைத்தான் பலரும் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொடர் பிடிக்காத ஜெர்மன் இயக்குநர் எட்கர் ரைட்ஸ், தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று 1984இல் 'ஹைமாட்' என்ற தொடரைக் கொண்டுவந்தார். ஒரு கிராமத்தின் வாழ்க்கையை மிக அழகாகச் சொன்ன படைப்பு. ஆனால் அதில் யூதர்கள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. கலையில் குறை உள்ள தொடர் இறந்தவர்களைக் காட்டியது. கலையில் சிறந்த தொடர் அவர்களை ஓரத்தில் விட்டது.

ஆகவே என் பதில் இதுதான். சீரியல் பார்த்து வரலாற்றைத் தெரிந்துகொள்ள முடியாது, தெரிந்துகொள்ளத் தொடங்கலாம். வீசல் சொன்னதும் சரி, அந்த 30,000 பேர் தொலைபேசியை எடுத்ததும் சரி. அடுத்த முறை எந்த வரலாற்றுத் தொடர் பார்த்தாலும் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள். இதில் எது நடந்தது, எது கற்பனை? யாரைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? எந்தக் கொடுமைக்கு எந்த நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்? விடை தேடி நூலகத்துக்குப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் காலத்தைப் பற்றி இப்போதே கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இது பற்றி உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்த்து மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்