சேர்வராயன் மலை வரலாறு: பள்ளிக்கூடங்கள் மலையேறிய கதை

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தோட்டத்துக்குப் பின்னால் பங்களா வந்தது, பங்களாவுக்குப் பின்னால் மாதாகோயில் வந்தது. பள்ளிக்கூடமும் அந்த வரிசையிலேதான் மேலேறியது. யார் பிள்ளைகளுக்காக ஏறியது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியாவில் வாழும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளின் படிப்பு வெள்ளை அரசுக்குப் பெரிய கவலையாக இருந்தது. குளிர்ந்த மலைகளில் விடுதியோடு கூடிய பள்ளிகள் வேண்டும் என்று கல்கத்தா பிஷப் காட்டன் கேட்டார். 1860-இல் கானிங் பிரபு அதை ஆதரித்துக் குறிப்பெழுதினார். சிம்லா, டார்ஜிலிங், நீலகிரி என்று பல மலைகளில் அப்படிப் பள்ளிகள் எழுந்தன. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்கு அந்த அலை சற்றுத் தாமதமாக வந்தது, வந்ததும் பிரெஞ்சுத் துறவியர் வழியாக. புதுச்சேரியில் 1827-இலேயே கால் பதித்திருந்த குளுனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1894-இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டைத் தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்கான மான்ஃபோர்ட் பள்ளி 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கேப்ரியல் சபைச் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. துறவியர் சபைகள் பள்ளி நடத்தக் கூடாது என்று 1904-இல் பிரான்ஸ் சட்டம் போட்டிருந்தது. சொந்த நாட்டில் கதவு மூடப்பட்ட சபைகள் கடல் கடந்த நாடுகளில் கூடுதல் கவனம் செலுத்திய காலம் அது.

நாடு விடுதலையானதும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. அவர்களுடைய பள்ளிகளுக்கான அரசு மானியம் பத்தே ஆண்டுதான் நீடிக்கும் என்றது அரசியலமைப்பின் 337-ஆவது பிரிவு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அது பத்து சதவீதம் குறையும். ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீத இடம் மற்றச் சமூகத்தாருக்குத் திறந்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும். இந்தியாவெங்கும் அத்தகைய பள்ளிகள் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்ததில் இந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. பிற்காலத்தில் சசி தரூர், நடிகர் விக்ரம் போன்றவர்கள் மான்ஃபோர்ட்டில் படித்தார்கள். இந்தப் பள்ளிகளின் வரலாறு ஆண்டு மலர்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பத்திரமாக இருக்கிறது.

இனி ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதிக்கு வருவோம். வேலூர், நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று மலைக்கிராமத்திலிருந்து வருகிறவர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஏற்காட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் பெரியண்ணனின் வழி தாங்கள் என்பது சேர்வராயன் மலையில் வழங்கும் கதை. கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மக்கள். கான்வென்ட்டின் மணி பல தலைமுறையாக இவர்கள் காதில் விழுந்தது. அந்த வகுப்பறை இவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல.

மலைப்பிள்ளைகளுக்குப் படிப்பு வந்தது அரசுப் பள்ளி வழியாகத்தான். காமராஜர் காலத்து மதிய உணவும், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் தமிழகக் கிராமங்களுக்குச் செய்ததை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு அது மட்டும் போதவில்லை. குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன, நடை தூரம் அதிகம். அதனால்தான் தங்கிப் படிக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. ஊரார் ஜி.டி.ஆர். பள்ளி என்பார்கள். இவை பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இல்லை. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் நடப்பவை. பாடம் நடத்தும் ஆசிரியரே விடுதிக் காப்பாளராகவும் அரிசி பருப்புக் கணக்குப் பார்க்கும் நிலை இந்தப் பள்ளிகளின் நெடுநாள் குறை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும்போது தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். வீட்டுக்குக் கூலி வரும் காலமும் பிள்ளைக்குத் தேர்வு வரும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பழங்குடியினருக்கு 54.34. நூறாண்டுக்கு மேல் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு மலையைப் பற்றி எழுதும்போது இந்த இடைவெளியைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல.

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மலர் கிடையாது, வரலாறு எழுதக் கூலிக்கு ஆளும் கிடையாது. ஒன்று இருக்கிறது: சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், இனம், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நின்ற நாள் எல்லாம் அதில் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் ஆசிரியரே ஆளைப் பார்த்து வயதை மதிப்பிட்டு, பள்ளி திறக்கும் பருவத்துக்கு ஒத்துவரும் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப்பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூனில் வருவது அப்படித்தான்.

மலையில் அந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை 1989 நவம்பரிலிருந்து தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் தான் தர வேண்டும். சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொல்லி 1994-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விசாரணைகளில் பழைய ஆவணத்துக்கே கனம் அதிகம். பேத்தி கல்லூரியில் சேரப் போகும்போது, தாத்தா மூன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று ஆசிரியர் எழுதிய இனப் பெயர்தான் சில வீடுகளுக்குக் கைகொடுக்கும் காகிதம். நிலப் பட்டாவைப் போல அதைக் காக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மலையின் ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பழைய கட்டடத்தை இடிக்கும்போது பழைய பேரேடுகள் எடைக்குப் போவதும் நம் ஊர்களில் நடக்கிற காரியம்.

மாவட்ட நிர்வாகம் சேர்வராயன் மலையிலுள்ள எல்லா அரசுப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. இந்தப் பள்ளிகளில் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் தங்களிடம் உள்ள வகுப்புக் குழுப்படம், பரிசுச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எதுவானாலும் ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். படத்தின் பின்னால் ஆண்டையும் தெரிந்த பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.