64 கிலோபைட்டும் 20 எழுத்துகளும்: டிவி கேமின் எழுத்து வரலாறு

ஜப்பானில் 1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனம் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற விளையாட்டுக் கேசட்டை வெளியிட்டது. வரைபடம், அரக்கர்கள், சண்டைக் கணக்கு, இசை, ஊர்மக்களின் பேச்சு ஆகிய அனைத்தும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் எடுக்கும் சாதாரண ஒளிப்படம் ஒன்றே இதைவிடப் பல மடங்கு பெரியது. கதையை எழுதியவர் யூஜி ஹோரீ. நிரலாக்கம் கோயிச்சி நக்கமுரா, ஓவியம் அகிரா தோரியாமா, இசை கோயிச்சி சுகியாமா. இந்நால்வரின் புகழையும் விளையாட்டு வரலாறுகள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் அந்தக் கேசட்டுக்குள் நிகழ்ந்த எழுத்துச் சிக்கனத்தை மொழியியல் மாணவர்கள் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துமுறை இயந்திரத்தோடு பேரம் பேசிய கதை அது.

கியோட்டோவின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, சுருக்கமாக ஃபேமிகாம், படத்தைக் கட்டம் கட்டமாகவே வரையும். ஒரு கட்டம் என்பது அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. திரையில் குறுக்கே 32 கட்டங்கள், நெடுக்கே 30 கட்டங்கள். பின்னணிக்கென ஒரு வேளையில் 256 வெவ்வேறு கட்டங்களையே இயந்திரம் கையாளும். மரம், சுவர், கடல் அலை, படிக்கட்டு, எழுத்து என எல்லாம் அந்த 256 இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். ஓர் எழுத்தைக் கூட்டினால் ஒரு மரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஜப்பானிய மொழிக்கு இந்த நெருக்கடி கடுமையானது. அன்றாட ஜப்பானியத்தில் மூன்று எழுத்துவகைகள் கலந்து வரும்: இலக்கணப் பகுதிகளுக்கு ஹிராகானா, அயற்சொற்களுக்குக் கடகானா, பொருட்சொற்களுக்குச் சீனத்திலிருந்து வந்த கான்ஜி. கான்ஜிக்கு அந்தக் கட்டங்களில் இடமே இல்லை. 8 புள்ளிச் சதுரத்தில் பெரும்பாலான கான்ஜிகள் கரும்புள்ளிக் குவியலாகவே தெரியும். எனவே அது முதலிலேயே கைவிடப்பட்டது. ஹிராகானாவின் 46 அடிப்படை எழுத்துகளின்றி ஒரு வாக்கியமும் அமையாது என்பதால் அவை இருந்தே ஆகவேண்டும். எஞ்சியது கடகானா. அதிலும் 46 உண்டு. ஹோரீயின் குழு அவற்றுள் 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. ‘ஹெ’, ‘ரி’ ஆகிய இரண்டும் ஹிராகானாவிலும் கடகானாவிலும் ஏறக்குறைய ஒரே வடிவின. ஆகவே அவற்றுக்கு ஒரு கட்டமே இரண்டு வேலைக்கும் போதுமானது.

இதன் விளைவு பெயரிடுதலில் தெரிந்தது. அரக்கர்கள், ஊர்கள், மந்திரங்கள், ஆயுதங்கள் ஆகிய கடகானாப் பெயர்கள் யாவும் அந்த 20 எழுத்துகளைக் கொண்டே அமைய வேண்டும். நீலநிறத் துளிபோல் இருக்கும் ‘ஸ்லைம்’ என்ற உயிரி இன்று அத்தொடரின் முத்திரையாகவே விளங்குகிறது. ஜப்பானியத்தில் அதன் பெயருக்குத் தேவையான சு, ரா, இ, மு என்ற நான்கும் அப்பட்டியலில் உண்டு. ‘டிராகன்’ என்பதற்கான எழுத்துகளும் உண்டு. செய்யுளில் தளைக்கு ஏற்பச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் புலவரின் நிலையோடு இதை ஒப்பிடலாம். ஆனால் இங்கே கட்டுப்பாடு ஓசையில் இல்லை, நினைவகச் சில்லில் இருந்தது.

இன்னொரு நுட்பம் தமிழ் படித்தவர்களுக்கு உடனே விளங்கக்கூடியது. ஜப்பானியத்தில் ‘க’ என்ற எழுத்தின் தோளில் இரு சிறு கீற்றுகளை இட்டால் அது ஒலிப்புடைய ‘க’ ஆகும்; ‘த’வும் ‘ச’வும் அவ்வாறே. இக்கீற்றுக்குத் தக்குதென் என்று பெயர். கீற்றுடன் கூடிய ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் கட்டம் ஒதுக்கினால் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் செலவாகும். எனவே கீற்றை மட்டும் ஒரு தனிக் கட்டமாக்கி, எழுத்துக்கு மேலுள்ள வரிசையில் அதை வைத்தனர். ஒரு வரி உரைக்கு இரண்டு வரிசைக் கட்டங்கள் தேவைப்பட்டன. திரையில் இடம் வீணாயிற்று, நினைவகம் மிஞ்சியது. மெய்யெழுத்தின் மேல் புள்ளியைத் தனியே குத்தும் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முறையும் இதுவே. அங்கே புள்ளிக்கான விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து புள்ளிக்குக் கீழே வந்து அமரும்.

இதே குறிகள் இரு மரபுகளிலும் முன்பு விடுபட்டே வந்தன என்பதும் கருதத்தக்கது. நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை, சொல்லிடைவெளியும் இல்லை. படிப்பவரே அவற்றை இட்டு நிரப்பிக்கொண்டார். பழைய ஜப்பானிய ஏடுகளிலும் ஒலிப்புக் கீற்று பல வேளைகளில் இடப்படவில்லை. ஃபேமிகாம் எதிர்த்திசையில் நடந்தது. கான்ஜி போனதால் சொல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் குறிப்பு போயிற்று. அதை ஈடுகட்ட, வழக்கமான ஜப்பானிய அச்சில் இல்லாத சொல்லிடைவெளி விளையாட்டுத் திரையில் வந்தது. சிறுவர் பாடநூல்களில் மட்டும் காணப்பட்ட வழக்கம் அது.

சிக்கனம் எழுத்தோடு நிற்கவில்லை, இலக்கணத்துக்குள்ளும் சென்றது. ஹோரீ 1983இல் வீட்டுக் கணினிக்கு எழுதிய ‘போர்ட்டோபியா’ என்ற துப்பறியும் விளையாட்டில் ஆடுபவர் கட்டளைச் சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். 1985இல் அது ஃபேமிகாமுக்கு வந்தபோது விசைப்பலகை இல்லாததால் 14 கட்டளைகள் கொண்ட பட்டியலாகச் சுருங்கியது. டிராகன் குவெஸ்ட்டில் அது எட்டாயிற்று. அந்த எட்டில் ‘பேசு’, ‘தேடு’, ‘எடு’ என்பவை எதிர்பார்க்கக்கூடியவை. ‘படிக்கட்டு’, ‘கதவு’ என்பனவும் அவற்றுள் இருந்ததுதான் வேடிக்கை. படியேறுவதற்குக் கூடப் பட்டியலைத் திறந்து கட்டளையிட வேண்டும். வீரனின் உருவம் எப்போதும் ஆடுபவரையே பார்த்து நிற்கும்; பக்கவாட்டு, முதுகுத் தோற்றங்களுக்கு இடம் இல்லை. ஆகையால் பேசுவதற்கு முன் வடக்கா, தெற்கா, கிழக்கா, மேற்கா என்று திசையைச் சொல்ல வேண்டியிருந்தது. பிற்கால ரசிகர்கள் இதை நண்டு நடை என்று கேலி செய்வதுண்டு.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் எழுதும் விளையாட்டு அனுபவக் குறிப்புகளில், குறிப்பாக ஜப்பானியர் நினைவுகளில், மிகுதியாக இடம்பெறுவது அரக்கனோ இளவரசியோ அல்ல, ‘உயிர்ப்பு மந்திரம்’தான். ஆட்ட நிலையைச் சேமிக்கக் கேசட்டில் வசதி இல்லை. அரசரிடம் சென்றால் அவர் 20 ஹிராகானா எழுத்துகளைச் சொல்வார். ஆடுபவரின் வலிமை, பொன், கருவிகள் யாவும் அந்த 20 எழுத்துகளில் பொதிந்திருக்கும். அவற்றை ஏட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் உள்ளிட்டால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுத்துகள் 5, 7, 5, 3 என்று பிரிக்கப்பட்டிருந்தன. முதல் மூன்று அடிகள் ஹைக்கூவின் அளவு. பொருளற்ற எழுத்துக்கோவையை வாய்க்குப் பழகிய தாளத்தில் அமைத்தால் நினைவில் நிற்கும், எழுதுவதில் பிழை குறையும். நிகண்டையும் வாய்பாட்டையும் பாட்டாகக் கட்டிவைத்த நம் முன்னோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் பிழை நேர்ந்தது. பழைய தொலைக்காட்சித் திரையின் மங்கலில் ‘நு’வுக்கும் ‘மெ’வுக்கும் வேறுபாடு தெரியாது, ‘ப’வைக் காட்டும் சிறு வட்டமும் ஒலிப்புக் கீற்றும் ஒன்றுபோல் தோன்றும். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்து தவறினாலும் மந்திரம் பிழையானது என்ற ஒற்றை வரியோடு பல வார உழைப்பு போய்விடும். ஏடெழுதுவோர் பிழை பற்றிச் சுவடியியலில் நாம் படிக்கும் அனைத்தும், வடிவொப்புமை, வரி தாவல், குறி விடுபடல் உட்பட, இங்கே பள்ளிச் சிறுவர்களின் குறிப்பேடுகளில் நிகழ்ந்தன. ஒரு வேறுபாடு உண்டு: சுவடியில் பிழைபட்ட பாடத்தை உரையாசிரியர் காப்பாற்ற முயலலாம், இயந்திரம் அந்த இரக்கத்தைக் காட்டாது.

ஆங்கிலத்தின் வரலாறு இதற்கு மாறானது. 26 பெரிய எழுத்துகளும் 10 இலக்கங்களும் 36 கட்டங்களுக்குள் அடங்கிவிடும். 1985ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஜப்பானியச் சிறுவர்களுக்காகவே செய்யப்பட்டது. இருப்பினும் இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்தி ஜப்பானியப் பதிப்பிலும் ஆங்கிலத்திலேயே வந்தது. மோகம் ஒருபுறம் இருக்க, மலிவும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் ஆங்கிலமும் முழுதாகத் தப்பவில்லை. 1987இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’யில் மந்திரப் பெயர்கள் நான்கு கானா எழுத்துகளுக்குள் வசதியாக அமைந்தன. 1990இன் அமெரிக்கப் பதிப்பில் அதே நான்கு இடங்களில் ரோமன் எழுத்துகளை அடைக்க வேண்டியிருந்தது. இடி மந்திரமான ‘தண்டர்’ அங்கே மூன்றெழுத்து ‘லிட்’ ஆயிற்று. அசையெழுத்தின் அடர்த்திக்கும் ஒலியனெழுத்தின் நீளத்துக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்தியாவுக்கு ஃபேமிகாம் பெரும்பாலும் அசல் உருவில் வரவில்லை. 1990களில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் புழங்கியவை, அதன் சுற்றமைப்பைப் படியெடுத்துத் தைவானிலும் சீனத்திலும் செய்யப்பட்ட போலிகளே. அவற்றோடு வந்த கேசட்டுகளில் நூறு விளையாட்டு, ஆயிரம் விளையாட்டு, ஏன், 9999 விளையாட்டு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே. மற்றவை அதே ஆட்டம் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. ஒரு சில்லில் பல ஆட்டங்களைத் திணிக்க வேண்டுமெனில் ஒவ்வொன்றும் சிறியதாக இருக்க வேண்டும். ‘கேலக்ஸியன்’ 16 கிலோபைட், ‘பேட்டில் சிட்டி’ 24, ‘சூப்பர் மாரியோ’ 40. இவற்றில் உரை என்பது ஏறத்தாழ இல்லை. தொடக்கம், முடிவு, மதிப்பெண் என்பதோடு சரி.

இந்தியச் சிறுவர்கள் கதையாட்டங்களை விரும்பவில்லை என்ற கருத்து அவ்வப்போது சொல்லப்படுவதுண்டு. அது ஏற்கத்தக்கதன்று. உரை மிகுந்த ஆட்டங்கள் பெரிய சில்லையும், பெரும்பாலும் சேமிப்புக்கு மின்கலத்தையும் கேட்டன. உரை ஜப்பானியத்தில் இருந்தது. மலிவுக் கேசட் இம்மூன்றையும் ஒரே வெட்டில் ஒதுக்கிற்று. எழுத்தில்லாத ஆட்டங்களே கைக்கு எட்டின. ‘பேட்டில் சிட்டி’ ‘டேங்க் கேம்’ என்றே அறியப்பட்டதற்கும் இதுவே காரணம்: பெயரைப் படிக்கவேண்டிய தேவையே எழவில்லை.

தமிழ் அந்த இயந்திரத்தில் ஏறியிருக்குமா என்று கேட்டுப்பார்க்கலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, உகர, ஊகார வரிசைகள் 36. கால், கொம்பு முதலிய குறிகள் ஆறு. ‘டி’, ‘டீ’ இரண்டுக்கும் தனி வடிவம். ஆக, கிரந்தத்தை விட்டால், 75. புள்ளியை ஜப்பானியக் கீற்றைப் போல் மேல் வரிசையில் வைத்துவிடலாம், அது 76ஆவது. தமிழ்நாட்டின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வரிசைகளின் சிறப்பு வடிவங்களை நீக்கியதால் இக்கணக்கு எளிதாகிறது. ‘ண’, ‘ஞ’, ‘ஊ’ போன்ற அகன்ற எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்றாலும் 256க்குள் இடம் உண்டு. கோட்டையும் காடும் சற்றுச் சுருங்கும், அவ்வளவே. 20 கடகானாக்களைக் கொண்டு ஓர் உலகையே பெயரிட முடிந்ததென்றால், எழுத்தின் சிக்கல் என்ற காரணம் நிற்காது. சந்தையில் கேட்பார் இல்லை என்பதே நிற்கும்.

அந்நிலை மாறப் பல ஆண்டுகள் ஆயின. பிளேஸ்டேஷன் 2க்காக ஐதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் வெளிவந்தது, முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் ஆட்டம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆட்டமாக அது தேறவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு. 2023 ஜூலை 31 அன்று கனடாவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையே அதன் களம். தாயின் சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்க, இட்டலிக்கும் புட்டுக்கும் விடுபட்ட வரிகளை ஆடுபவரே ஊகித்து நிரப்ப வேண்டும். சிதைந்த ஏட்டுக்குப் பாடம் தேடும் வேலையே இங்கே ஆட்டவிதியாகிவிட்டது. 2024இல் அது அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

இடைப்பட்ட காலத்துக்கான சான்றுகள் வேகமாக அழிந்து வருகின்றன. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. முறையாகப் பதிப்பிக்கப்பட்டவற்றின் நிலையே அது. மின்கலத்தில் சேமித்த ஆட்டங்கள் மின்கலம் தீர்ந்ததும் மறைகின்றன. குறிப்பேட்டில் எழுதிய 20 எழுத்து மந்திரமோ இன்றும் அதே கேசட்டில் வேலை செய்யும். இந்தியாவில் புழங்கிய போலிக் கேசட்டுகளுக்குப் பதிப்பாளரும் இல்லை, பட்டியலும் இல்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த ஆட்டம், என்ன பெயரில் அழைக்கப்பட்டது என்பதற்கு, ஆடியவர்கள் பொழுதுபோக்காக எழுதிவைக்கும் நினைவுக் குறிப்புகளே பெரும்பாலும் கையில் உள்ள சான்று. அவற்றை வட்டாரச் சொல் தொகுப்பவர் அணுகும் முறையில், ஊரும் ஆண்டும் வழக்குப் பெயரும் குறித்துத் தொகுக்கும் பணி முதுகலை ஆய்வேட்டுக்கே போதுமானது.